போலீஸிடம் "ஒத்துக்கொண்டான்" என்று சார்ஜ் ஷீட்டில் இருந்தால் கேஸ் அவ்வளவுதானா? (பெங்களூரு, திருட்டு வழக்கு)

ஸ்ரீராம்புரம் அக்கா கேட்டது:

வணக்கம். என் தம்பிக்கு 24 வயது, பெயின்டிங் வேலை. போன வருடம் ஒரு வீட்டில் பத்து நாள் வேலை பார்த்தான். வேலை முடிந்து மூன்று வாரம் கழித்து அந்த வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்காக இரண்டு நாள் மைசூர் போயிருந்தபோது பீரோவில் இருந்த இரண்டு செயினும் ஒரு ஜோடி வளையலும் காணாமல் போயிருக்கின்றன. வீட்டுக்குள் யார் யார் வந்து போனார்கள் என்று அவர்கள் போலீஸுக்குக் கொடுத்த பட்டியலில் இவன் பெயரும் இருந்தது. ஒரு நாள் ராத்திரி வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். 41 நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான்.

இப்போது சார்ஜ் ஷீட் நகல் கைக்கு வந்திருக்கிறது, முழுக்கக் கன்னடம். நாங்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், கன்னடம் நன்றாகப் பேசுவோம், ஆனால் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் எழுத்து தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் உட்கார்ந்து படித்துச் சொன்னாள். அதில் "ஸ்வ இச்சா ஹேளிகே" என்று மூன்று பக்கம் இருக்கிறதாம், தம்பி தானாகவே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதாக, கடைசியில் அவன் கையெழுத்தோடு. கையெழுத்து அவனுடையதுதான். என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே போட்டேன், போடாவிட்டால் விடமாட்டார்கள் என்று பயந்துவிட்டேன் என்கிறான். ஒரு அடகுக்கடையில் இவன் காட்டிக்கொடுத்து ஒரு செயினை எடுத்ததாக ஒரு பஞ்சநாமேயும் (சாட்சிகள் முன்னால் பொருளைக் கைப்பற்றியதாக எழுதி அவர்கள் கையெழுத்து வாங்கும் தாள்) இருக்கிறது. தெருமுனை கேமராவில் தொப்பி போட்ட ஒரு பையன் போகிற வீடியோ வேறு. எதிர்வீட்டு வாட்ச்மேன் இவனைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த இரண்டு நாளும் இவன் ஓசூரில் ஒரு சைட்டில் இருந்தான். இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அவன் கையெழுத்தே அவனுக்கு எதிராக இருக்கும்போது யார் கேட்பார்கள்? எங்கள் வக்கீல் நல்லவர்தான், ஆனால் கோர்ட் வராந்தாவில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச அவருக்கு நேரமில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், இதில் எது சாட்சி, எது சாட்சி இல்லை? அம்மா சாப்பிடுவதே இல்லை.

கே.ஜி. ரோடு வக்கீல்:

அம்மா, பயப்படாதீர்கள். அந்த மூன்று பக்கத்தை வைத்துக்கொண்டு உங்கள் தம்பிக்குத் தண்டனை கொடுக்க முடியாது. முதலில் இதை உங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் இங்கே கிரிமினல் கோர்ட்டுகளில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த ஒரு இடத்தில்தான். சார்ஜ் ஷீட்டில் இருப்பதெல்லாம் போலீஸ் தரப்பு "நாங்கள் நிரூபிக்கப்போவது இது" என்று சொல்வது. சொன்னதாலேயே அது நிரூபணம் ஆகிவிடாது. ஒரு ஆள் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, நீதிபதி முன்னால் சொல்லி, உங்கள் வக்கீல் அவரைக் குறுக்கு விசாரணை செய்து முடித்த பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் சாட்சியம். வாட்ச்மேன் போலீஸிடம் சொன்னதாக எழுதியிருக்கும் தாளும் சாட்சியம் ஆகாது. அதில் சாட்சியின் கையெழுத்தே வாங்கக் கூடாது. நாளைக்கு அவர் கூண்டில் வேறு மாதிரி சொன்னால், "அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே" என்று முரண்பாட்டைக் காட்ட உங்கள் பக்கத்துக்குத்தான் அது முக்கியமாகப் பயன்படும்.

இனி ஒப்புதல் வாக்குமூலம். 2024 ஜூலை 1 முதல் பழைய 1872 சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. பழைய 25, 26, 27 மூன்று பிரிவுகளும் இப்போது 23ஆம் பிரிவுக்குள் இருக்கின்றன. எண்தான் மாறியிருக்கிறது, விஷயம் அதேதான்: போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது. கான்ஸ்டபிளிடம் சொன்னாலும் சரி, பெரிய அதிகாரியிடம் சொன்னாலும் சரி, கையெழுத்து இருந்தாலும் சரி. மாஜிஸ்திரேட் முன்னால் தனியாக, "நீ சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை, சொன்னால் உனக்கு எதிராகப் பயன்படும்" என்று எச்சரித்து, யோசிக்க நேரம் கொடுத்துப் பதிவு செய்கிற ஒப்புதல் வேறு வகை. தம்பியை அப்படி யாராவது உட்காரவைத்துக் கேட்டார்களா என்று மட்டும் விசாரியுங்கள். ரிமாண்டுக்காகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்றால் அது இதில் சேராது.

ஆனால் உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக நான் பாதி உண்மை சொல்லக் கூடாது. உண்மையான ஆபத்து அந்த அடகுக்கடையில் இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு விஷயம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புள்ள துண்டு மட்டும் உள்ளே வரும். புலுகுரி கோட்டய்யா வழக்கு, 1947, வெள்ளைக்காரன் காலத்தில் கடைசி மேல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலின் தீர்ப்பு. இன்றைக்கும் எல்லா கோர்ட்டிலும் எடுத்துக் காட்டுவது இதைத்தான். "கூரையில் கத்தியை ஒளித்துவைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்" என்பது வரும். "அந்தக் கத்தியால்தான் இன்னாரைக் குத்தினேன்" என்கிற வால் வராது. உங்கள் வழக்கில் "இந்தக் கடையில் செயின் இருக்கிறது, காட்டுகிறேன்" என்ற வரி வரலாம், "நான் திருடிய செயின்" என்பது வராது. அதோடு, திருடு போன பொருள் திருட்டு நடந்த கொஞ்ச நாளிலேயே ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், அவர் திருடியிருக்கலாம் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியிருக்கலாம் என்று கோர்ட் ஊகிக்க இடமுண்டு. அதனால் உங்கள் முழுக் கவனமும் அந்தச் செயின் மேல் இருக்கட்டும்.

பார்க்க வேண்டியவை இவை. தம்பி சொல்வதற்கு முன்பே அந்தக் கடை போலீஸுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அது கண்டுபிடிப்பே இல்லை. கடைக்காரர் சாட்சிப் பட்டியலில் இருக்கிறாரா? அடகு ரசீது எங்கே, ரிஜிஸ்டரில் யார் கையெழுத்து, அடையாள அட்டை நகல் யாருடையது, அடகு வைத்த தேதி என்ன? செயினை வீட்டுக்காரர்கள் எதை வைத்துத் தங்களுடையது என்று அடையாளம் சொன்னார்கள், பில் இருக்கிறதா, வேறு நகைகளோடு கலந்துவைத்துக் காட்டினார்களா? இன்னொன்று, பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு சோதனையையும் பறிமுதலையும் ஆடியோ வீடியோவில் பதிவு செய்து தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. உங்களுக்குக் கொடுத்த சார்ஜ் ஷீட் தாள்களோடு அந்தப் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் அதுவும் ஒரு கேள்வி. பதிவு இல்லை என்பதற்காக மட்டும் வழக்கு விழுந்துவிடும் என்று நினைக்காதீர்கள், ஆனால் கேட்காமல் விடக் கூடாது.

டீக்கடை அண்ணன்:

வக்கீல் சார் மகஜர், அதாவது அந்தப் பஞ்சநாமே பற்றி இன்னும் சொல்வார் என்று நினைக்கிறேன். அந்த மாதிரித் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான், இந்த வழக்கில் இல்லை, வேறொன்றில். அதனால் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள், அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போ என்று. போனால் மேஜை மேல் ஏற்கெனவே ஒரு செல்போனும் இரண்டு மோதிரமும் வைத்திருந்தார்கள். ஒரு பையன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டேன். தினமும் டீ குடிக்க வருகிறவர்கள், எப்படி மறுப்பது. இரண்டு வருடம் கழித்து சம்மன் வந்தது. கூண்டில் ஏறினால் எல்லாம் வேறு மாதிரி இருக்கிறது. அந்தத் தாளின்படி நான் ஒரு காலி மனைக்குப் போய், அந்தப் பையன் புதருக்குள்ளிருந்து பொருளை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், அந்த மனை ரோட்டுக்கு எந்தப் பக்கம்? எனக்கு எப்படித் தெரியும், நான் போகவே இல்லையே. போகவில்லை, ஸ்டேஷனில்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிவிட்டேன். உடனே அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி, பணம் வாங்கினாயா என்று என்னையே கேட்டார். வெளியே வந்த பிறகும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. ஒரு பையன் வாழ்க்கை அந்தத் தாளில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாராவது இப்படிக் கூப்பிட்டால், பார்த்ததற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அக்கா, உங்கள் பஞ்சநாமேயில் சாட்சிகள் அந்த அடகுக்கடைத் தெருக்காரர்களா, இல்லை ஸ்டேஷன் பக்கத்து ஆட்களா என்று முகவரியைப் பாருங்கள்.

ஸ்ரீராம்புரம் அக்கா:

அம்மாவிடம் சொன்னேன் சார். முழுசாக நம்பவில்லை, ஆனால் இன்றைக்கு மத்தியானம் கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டார்.

அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு பார்த்தோம். இரண்டு சாட்சிகளின் முகவரியும் ஸ்டேஷன் இருக்கிற ரோடுதான், கடை இருப்பதோ வேறு ஏரியா. அடகு ரசீது என்று எதுவும் இல்லை. தம்பி அந்தக் கடையைப் பார்த்ததே அன்றைக்குத்தான், ஜீப்பிலிருந்து இறக்கிக் கடை வாசலில் நிற்கவைத்தார்கள் என்கிறான்.

அந்த வாட்ச்மேனை எங்களுக்குத் தெரியும், நல்ல மனிதர். நான் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா? அப்புறம் வீடியோ பற்றி யாரும் சொல்லவில்லையே.

கேமரா மாட்டுகிறவன்:

வாட்ச்மேனிடம் போகவே போகாதீர்கள், அதை வக்கீல் சார் விளக்குவார். வீடியோ பற்றி நான் சொல்கிறேன், இதுதான் என் தொழில். சிவாஜிநகரிலும் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும் நிறைய கட்டடங்களுக்கு டி.வி.ஆர். (கேமரா வீடியோவைப் பதிவு செய்து வைக்கும் பெட்டி) மாட்டியிருக்கிறேன், இரண்டு முறை சான்றிதழும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பென் டிரைவில் காப்பி பண்ணிக் கொடுத்தால் போதாது. இந்த மாதிரிப் பதிவைக் கோர்ட்டில் காட்டச் சான்றிதழ் வேண்டும்; முன்பு 65பி என்று சொல்வார்களே, இப்போது அது சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு. சான்றிதழில் இரண்டு பகுதி: முதலாவது கேமராவைப் பராமரிப்பவர் கையெழுத்துப் போடுவது, இரண்டாவது நிபுணர் போடுவது. இரண்டிலும் அந்த ஃபைலின் ஹாஷ் எண் இருக்க வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலுக்குக் கைரேகை மாதிரி, ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். அந்த எண் சான்றிதழில் இருக்கிறதா, நீங்கள் வாங்கிய காப்பியின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு ஆளை வைத்துப் பார்த்துவிடலாம், ரொம்ப எளிது.

பலரும் கவனிக்காமல் விடுவது கடிகாரம். டி.வி.ஆரில் நேரம் தானாகச் சரியாக இருக்காது. கரன்ட் போய் வந்தால், உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால், தேதியே பல வருடம் பின்னால் போய்விடும். நான் சர்வீஸுக்குப் போகிற இடங்களில் பத்து, இருபது நிமிடம் தள்ளி ஓடுவதைச் சாதாரணமாகப் பார்க்கிறேன். வீடியோவை எடுத்தபோது அசல் நேரத்தையும் டி.வி.ஆர். நேரத்தையும் ஒப்பிட்டு யாராவது குறித்தார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அப்புறம் தொப்பி போட்ட பையன் முகமே தெரியாவிட்டால், "ஒரு பையன் நடந்து போனான்" என்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது?

அல்சூர் வாசகி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பறிகொடுத்தவள். என் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள், கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. பிடிபட்டவன் ஒத்துக்கொண்டான், சங்கிலியும் கிடைத்தது, கடைசியில் சந்தேகத்தின் பலன் என்று விட்டுவிட்டார்கள். சங்கிலி மூன்று வருடம் கோர்ட்டிலேயே கிடந்தது. இந்த அக்காவின் தம்பி நிரபராதியாக இருக்கட்டும், நான் அவரைச் சொல்லவில்லை. ஆனால் போலீஸிடம் ஒத்துக்கொண்டதைக் கோர்ட் காதில் வாங்கவே கூடாது என்றால் என்னைப் போன்றவர்களுக்கு என்ன வழி? இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கே.ஜி. ரோடு வக்கீல்:

நிச்சயமாக உரிமை இருக்கிறதம்மா. உங்களுக்கு நடந்தது அநியாயம்.

நான் பார்த்தவரை சொல்கிறேன். ஸ்டேஷன் ஒப்புதல் செல்லும் என்று ஒரு நாள் சட்டம் மாறினால், அன்றிலிருந்து விசாரணை நடக்காது, அடி மட்டும்தான் நடக்கும். ஆளைக் கொண்டுவந்து ஒப்புக்கொள்ளவைத்தால் வேலை முடிந்தது என்றால் யார் போய் அடகு ரிஜிஸ்டரைத் தேடுவார்கள்? அடி தாங்காமல் ஒத்துக்கொள்பவன் உங்கள் சங்கிலியை அறுத்தவனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லையே. அப்போது அறுத்தவன் வெளியில்தான் இருப்பான். வெள்ளைக்காரன் காலத்திலேயே இதை உணர்ந்துதான் 25ஆம் பிரிவை எழுதினார்கள். நம் ஊர் உண்மை கண்டறியும் சோதனைகளைப் பற்றிய செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதன் தொடர்ச்சியைத்தான் சொன்னது: ஒருவர் சம்மதம் இல்லாமல் ஊசி போட்டு வாயைத் திறக்கவைப்பது, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதுதான், அரசியலமைப்பு 20(3) அதை அனுமதிக்காது.

அதே சமயம், சட்டம் உங்களைக் கைவிட்டுவிடவில்லை. பத்து சாட்சி வேண்டும் என்று எங்கேயும் இல்லை. வடிவேலு தேவர் எதிர் மதராஸ் மாநிலம், 1957: முழுக்க நம்பத்தகுந்தவராக இருந்தால் ஒரே ஒரு சாட்சியை வைத்தே தண்டிக்கலாம். கழுத்தில் காயத்தோடு கூண்டில் ஏறி முகத்தைப் பார்த்துச் சொல்கிற உங்கள் வார்த்தைக்கு அந்தப் பலம் உண்டு. ஆனால் அதற்கு அடையாள அணிவகுப்பை (பிடிபட்டவரை வேறு ஆட்களோடு நிறுத்தி உங்களை அடையாளம் காட்டச் சொல்வது) நேரத்தோடு, மாஜிஸ்திரேட் முன்னால் ஒழுங்காக நடத்த வேண்டும். அதற்கு முன்பே ஸ்டேஷனில் உங்களுக்குப் போட்டோவைக் காட்டிவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். பெரும்பாலான வழக்குகள் இப்படித்தான் கெடுகின்றன. நீங்கள் ஒரு வக்கீலை வைத்து அரசு வக்கீலுக்கு உதவலாம், விடுதலையை எதிர்த்து நீங்களே மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. நகையை போட்டோ எடுத்து, விவரம் எழுதி, பாண்டு வாங்கிக்கொண்டு சீக்கிரமே உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை அப்போது யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்ரீராம்புரம் அம்மா, உங்களுக்கு இன்னும் சில. வாட்ச்மேனிடம் நீங்களோ தம்பியோ உறவுக்காரர்களோ பேசக் கூடாது. நல்ல எண்ணத்தோடு போனாலும் சாட்சியைக் கலைத்ததாகச் சொல்லி ஜாமீனையே ரத்து செய்யச் சொல்வார்கள். அவரிடம் கேட்க வேண்டியதை உங்கள் வக்கீல் கோர்ட்டில் கேட்கட்டும்: எவ்வளவு தூரம், விளக்கு இருந்ததா, தம்பி அங்கே பத்து நாள் வேலை பார்த்ததால் முகம் பழக்கமா, பார்த்ததை எத்தனை நாள் கழித்துப் போலீஸிடம் சொன்னார்.

ஓசூர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய சட்டப் புத்தகத்தில் ஒரு உதாரணமே உண்டு, கல்கத்தாவில் குற்றம் நடந்த நாளில் அவர் லாகூரில் இருந்தார் என்பது சம்பந்தமுள்ள விஷயம் என்று. ஆனால் வேறு இடத்தில் இருந்தேன் என்று சொன்னால் அதைக் காட்ட வேண்டியது நாம்தான், அரைகுறையாகக் காட்டினால் நமக்கே பாதகம். மேஸ்திரியின் ஆள் கணக்கு நோட்டு, ஜி.பே.யில் டீக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த பணம், போன் டவர் விவரம். டவர் பதிவுகளைக் கம்பெனி என்றைக்கும் வைத்திருக்காது, அதனால் கோர்ட் மூலம் வரவழைக்க மனு போடச் சொல்லுங்கள், இந்த மாதமே.

கடைசியில் நீதிபதி தம்பியை நேராகக் கேள்வி கேட்கும் ஒரு கட்டம் வரும், இப்போது அது சுரக்ஷா சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு. சத்தியம் கிடையாது, பதில் சொல்லாமலும் இருக்கலாம். பலர் எல்லாக் கேள்விக்கும் "சுள்ளு சுவாமி" (பொய் சாமி) என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் ஓசூரைப் பற்றி, கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பதைப் பற்றி அவன் அங்கே சொல்ல வேண்டும். எழுதியும் கொடுக்கலாம். அவனுக்குப் புரியாத மொழியில் சாட்சி சொன்னால், திறந்த கோர்ட்டில் அவனுக்குப் புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்பதும் சட்டம். கூச்சப்படாமல் கேளுங்கள். வக்கீலுக்கு நேரமே இல்லை என்றால் இலவச சட்ட உதவி இருக்கிறது, 15100க்குப் போன் செய்து விசாரியுங்கள்.

ஸ்ரீராம்புரம் அக்கா:

தம்பி போனில் தேடினோம். அந்த இரண்டு நாளில் ஏழு பேமென்ட் இருக்கிறது, ஒன்று ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பரோட்டா கடைக்கு, ராத்திரி 9.40. மேஸ்திரியிடமும் பேசிவிட்டேன், நோட்டு இருக்கிறது, கோர்ட்டுக்கு வருகிறேன் என்றார். திங்கட்கிழமை வக்கீலிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். வாட்ச்மேனிடம் போகமாட்டேன். அல்சூர் அக்கா, உங்கள் சங்கிலியை அறுத்தவன் பிடிபட வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு உதவி. சார்ஜ் ஷீட் 86 பக்கம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை வருகிறது. யாராவது கன்னடத்திலிருந்து தமிழில் சொல்ல முடியுமா?

அல்சூர் வாசகி:

எனக்குக் கன்னடம் எழுதப் படிக்க நன்றாக வரும். தாள்களை இங்கே போடாதீர்கள், பெயர் முகவரி எல்லாம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் எனக்கு வேலை இல்லை, தனிச் செய்தியில் நம்பர் அனுப்புங்கள், நேரில் உட்கார்ந்து படித்துவிடலாம். தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவனுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.